ஒலிவாங்கியின் முன் ஒரு வாழ்வு: சோ. சிவபாதசுந்தரமும் வானொலித் தமிழும்

தமிழ்மொழியின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் அச்சு இயந்திரத்தின் வருகையை மறவாமல் குறிப்பிடுவர். ஏட்டுச் சுவடிகள் நூல்களானதும், நாளிதழும் வார இதழும் உரைநடையை வளர்த்ததும் நம் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அச்சைவிட வேகமாகத் தமிழரின் இல்லங்களுக்குள் நுழைந்த மற்றொரு கருவியைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். அதுதான் வானொலி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது செய்தி சொன்னது, கதை சொன்னது, இசை வழங்கியது. அதற்கெனத் தனியே ஒரு தமிழ்நடை தேவைப்பட்டது. அந்த நடையை உருவாக்கியவர்கள் ஒலிபரப்பாளர்கள்.

அவர்களுள் ஒருவரின் வாழ்வையும் பணியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பிலும் இலண்டனிலும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, தாம் கற்ற தொழிலைத் தமிழில் நூலாக எழுதி வைத்த சோ. சிவபாதசுந்தரம் ஆவார். 'சைவபோதம்' இயற்றிய புலோலி சைவப் பெரியார் சு. சிவபாதசுந்தரம் வேறொருவர். முதலெழுத்து ஒன்றே இருவரையும் வேறுபடுத்துவதால் மாணவர்கள் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

இளமையும் இதழ்ப்பணியும்

சிவபாதசுந்தரம் 1912ஆம் ஆண்டு, யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். அவர் முதலில் அறியப்பட்டது எழுத்தின் வழியாகவே. நா. பொன்னையா 1930ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஈழகேசரி' இதழ், ஈழத்தில் நவீன இலக்கியம் வேரூன்றத் துணைநின்ற இதழ்களுள் தலையாயது. அதன் ஆசிரியராக 1930களின் பிற்பகுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் சிவபாதசுந்தரம் பணியாற்றினார். ஒலிபரப்புக்கு வருமுன்னரே சொல்லைத் தேர்ந்து எழுதும் பயிற்சியை இவ்விதழ்ப்பணி அவருக்கு அளித்திருந்தது.

இங்கு ஒரு செய்தியை நோக்க வேண்டும். அந்நாளில் ஒலிபரப்புக்கெனக் கல்லூரிகளோ பயிற்சி நூல்களோ தமிழில் இல்லை. மேடைப் பேச்சாளர், நாடகக் கலைஞர், இதழாளர், ஆசிரியர் எனப் பல துறையினர் தத்தம் பழக்கங்களைச் சுமந்துகொண்டு வானொலி நிலையத்துக்கு வந்தனர். மேடையில் முழங்கியவர் ஒலிவாங்கியின் முன்னும் முழங்கினார். இதழில் எழுதியவர் இதழின் வாக்கியத்தையே வாசித்தார். இவ்விரண்டும் வானொலிக்குப் பொருந்தா என்பதைப் பணியிலிருந்தே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கொழும்பு வானொலி

இலங்கையில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது 1925ஆம் ஆண்டு டிசம்பரில். தந்தித் துறையைச் சேர்ந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியாளர் அதற்கு முந்திய சோதனைகளை நடத்தினார். கைப்பற்றப்பட்ட செர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் பகுதிகள் அவற்றுக்குப் பயன்பட்டதாக வரலாறு கூறுகிறது. சென்னையிலும் 1924ஆம் ஆண்டிலேயே வானொலிக் கழகமொன்று தோன்றியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டிலும் திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் ஒலிபரப்பைத் தொடங்கின. நம் வட்டாரத்தில், பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் 1936ஆம் ஆண்டு சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றிலிருந்து ஒலிபரப்பலாயிற்று. போருக்குப் பின் 1946ஆம் ஆண்டில் அப்பணியை ரேடியோ மலாயா ஏற்றது. ஆக, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் தமிழர் வாழும் மூன்று நிலங்களிலும் வானொலி கால்கொண்டுவிட்டது.

கொழும்பு வானொலியில் சேர்ந்த சிவபாதசுந்தரம் அதன் முதல் தமிழ் நிகழ்ச்சி அமைப்பாளராக அறியப்படுகிறார். நிகழ்ச்சி அமைப்பாளரின் பணி, குரல் கொடுப்பதோடு முடிவதன்று. ஒரு நாளின் ஒலிபரப்பு நேரத்தை நிமிடக் கணக்கில் பங்கிட வேண்டும். பேச்சாளரையும் இசைக் கலைஞரையும் அழைக்க வேண்டும். அவர்தம் எழுத்துருவைப் படித்துத் திருத்த வேண்டும். ஒத்திகை பார்க்க வேண்டும். நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை நேரடியாகவே ஒலிபரப்பாகிய காலம் அது. வாய்தவறிய சொல்லை மீண்டும் அழைத்துக்கொள்ள வழியில்லை.

போரின்போது தென்கிழக்காசியக் கூட்டுப்படையினரின் வானொலி நிலையம் இலங்கையிலிருந்து இயங்கிற்று. அதன் ஆற்றல்மிக்க கருவிகள் போருக்குப் பின் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றின் துணையோடு 1949ஆம் ஆண்டில் 'ரேடியோ சிலோன்' உருப்பெற்றது. 1950ஆம் ஆண்டில் அதன் வர்த்தக சேவை தொடங்கிற்று. தமிழகத்துச் சிற்றூர்களிலும் இலங்கை வானொலி கேட்கப்பட்டமைக்கு இக்கருவிகளின் வலிமையும், இந்திய வானொலி 1950களில் திரையிசைக்கு இடங்கொடாது விலக்கியமையும் காரணங்களாயின. பின்வந்த புகழ்மிக்க இலங்கை அறிவிப்பாளர்களை நாம் நினைவுகூர்கிறோம். அவர்களுக்கு முன்னரே தமிழ் ஒலிபரப்புக்குக் கால்கோள் செய்த தலைமுறையைச் சேர்ந்தவர் சிவபாதசுந்தரம்.

இலண்டனும் தமிழோசையும்

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கியது. அது போர்க்காலத்தின் தேவையாற் பிறந்தது. அன்று அது ஒரு செய்திமடலே. பிபிசியின் கீழைநாட்டுப் பிரிவில் 1941 முதல் 1943 வரை பணியாற்றிய ஜார்ஜ் ஆர்வெல், ஆங்கிலத்தில் எழுதிய போர்ச் செய்திமடல்கள் இந்திய மொழிகள் சிலவற்றில் மொழிபெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. சப்பானியர் வசமிருந்த மலாயாவுக்கென அவர் எழுதிய ஆங்கிலச் செய்திமடல்களும் இருந்தன. ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வெளிநாட்டு ஒலிபரப்பை மறைவாகக் கேட்பது உயிருக்கே தீங்காகக்கூடிய குற்றமாக அன்று கருதப்பட்டது. வானொலிச் செய்திகள் கசிந்தன என்னும் ஐயமும் 1943ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய கைதுகளுக்கும் சித்திரவதைகளுக்கும் ஒரு காரணமாயிற்று. ஒரு குரலைக் கேட்பதற்கு மனிதர் எவ்வளவு விலை கொடுத்தனர் என்பதற்கு நம் மண்ணின் வரலாறே சான்று.

போர் முடிந்தபின், 1940களின் பிற்பகுதியில், சிவபாதசுந்தரம் இலண்டன் சென்று பிபிசியின் தமிழ்ப் பகுதியிற் பணியாற்றினார். அப்போது அவர் செய்த ஒரு செயல் நெடுங்காலம் நிலைத்தது. அத்தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று அவர் பெயரிட்டார். பாரதியின் கவிதையொன்றை நினைவூட்டும் சொல் அது. இரண்டு எளிய சொற்களின் சேர்க்கை, பள்ளிச் சிறுவனுக்கும் பொருள் விளங்கும், ஒலிக்கும்போது தடங்கலில்லை. அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. யாழ்ப்பாணத்தவரும் மதுரையாரும் பினாங்குத் தமிழரும் தமதென்று கொள்ளத்தக்க பெயராக அது அமைந்தது.

பெயரிடுதல் சிறு செயல் அன்று என்பதை அண்டை வரலாறு காட்டும். இந்திய வானொலிக்கு 'ஆகாசவாணி' என்னும் பெயர் வழங்கப்பட்டபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது; 'வானொலி' என்னும் தமிழ்ச்சொல்லே வேண்டுமெனப் பலரும் வாதிட்டனர். ஒலிபரப்பின் பெயர் நாள்தோறும் பலமுறை ஒலிக்கும் சொல்லாதலின், கேட்போர் அதில் தம்மைக் காண விரும்புவர். சிவபாதசுந்தரம் இட்ட பெயருக்கு அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. அவருக்குப் பின் எத்தனையோ குரல்கள் மாறியும் அப்பெயர் மாறவில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் சிற்றலை ஒலிபரப்பு முடிவுக்கு வரும்வரை அப்பெயரிலேயே அது கேட்கப்பட்டது.

எந்தத் தமிழில் பேசுவது?

இலண்டனிலிருந்து பேசும் ஒருவருக்கு ஒரு கேள்வி தவிர்க்கவியலாதது: கேட்போர் பல நாட்டினர், எந்தத் தமிழில் பேசுவது? சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். யாழ்ப்பாணத்தார் 'கதைத்தல்' என்றால் பேசுதல். தமிழகத்தாருக்கு அச்சொல் அவ்வாறு பொருள்படாது. யாழ்ப்பாணத்துக் 'கதிரை', தமிழகத்தில் 'நாற்காலி'. மலாயாத் தமிழர் 'வெள்ளி' என்று பணத்தைக் குறிப்பர். மற்றையோர் உலோகத்தையோ கிழமையையோ எண்ணுவர். 'தோட்டம்' என்றதும் தஞ்சை உழவர் காய்கறிப் பாத்தியை நினைப்பார். கெடாவிலுள்ளவர் இரப்பர்க் காட்டை நினைப்பார். போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த 'சப்பாத்து' ஈழத்தாருக்கும் மலாயாத் தமிழருக்கும் பொதுச்சொல். தமிழகத்தில் அது வழக்கில் இல்லை.

நம் மொழி இரட்டை வழக்குடையது. எழுத்து வழக்கு எல்லார்க்கும் பொதுவாக இருப்பினும், எவரும் அதை வீட்டிற் பேசுவதில்லை. பேச்சு வழக்கு நெருக்கமானது. ஆயினும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஒலிபரப்பாளர் பேச்சு வழக்கை எடுத்தால் ஓர் ஊருக்கு உரியவராவார். எழுத்து வழக்கை அப்படியே எடுத்தால் எவருக்கும் அயலவராவார். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி காணப்பட்டது. சொல்லும் இலக்கணமும் எழுத்து வழக்கைச் சார்ந்திருக்க, வாக்கியத்தின் நீளமும் ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் பேச்சைச் சார்ந்திருக்கும். இன்று நாம் செய்தியறிக்கையில் இயல்பாகக் கேட்கும் தமிழ் இதுவே. அது தானாக விளைந்ததன்று. ஒலிபரப்பாளர் ஒரு தலைமுறை உழைத்து உருவாக்கியது.

'ஒலிபரப்புக் கலை'

தாம் பெற்ற பட்டறிவைச் சிவபாதசுந்தரம் 1954ஆம் ஆண்டில் 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலாக வெளியிட்டார். ஒலிபரப்பைப் பற்றித் தமிழில் எழுந்த முன்னோடி நூலாக அது மதிக்கப்படுகிறது. நூற்பெயரிலுள்ள 'கலை' என்னும் சொல்லை நோக்குக. குரல்வளம் பிறவிக்கொடை என்றும், அது வாய்த்தவர் ஒலிபரப்பாளராகலாம் என்றும் மக்கள் எண்ணுவது வழக்கம். கலை என்றாலோ, அது பயிலத்தக்கது, பயிற்றத்தக்கது.

ஒலிபரப்புக்கு எழுதுவது பிறவற்றுக்கு எழுதுவதினின்றும் எவ்வாறு வேறுபடும்? ஆசிரியர்களுக்கு வகுப்பறையிற் பயன்படும் என்பதால் இதனைச் சற்று விரித்துரைப்பேன்.

முதலாவது, கேட்பவர் பின்னோக்கிச் செல்லவியலாது. படிப்பவருக்கு வாக்கியம் விளங்காவிடின் மீண்டும் படிப்பார். கேட்பவர் ஒரு வாக்கியத்தில் தடுமாறினால் அடுத்த வாக்கியத்தையும் இழப்பார். தமிழில் இவ்விடர் மிகுதி. வினைமுற்று இறுதியில் நிற்கும். பெயரெச்சத் தொடர்கள் பெயருக்கு முன்னே அடுக்கப்படும். இவ்வுரைக்கென நான் அமைத்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்: 'தேயிலை ஏற்றுமதி வரியைக் குறைக்கக் கோரித் தோட்ட உரிமையாளர் சங்கத்தினர் சென்ற வாரம் அளித்த மனுவை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் பரிந்துரையை அரசு நேற்று ஏற்க மறுத்துவிட்டது.' இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆயினும் வரி குறைந்ததா இல்லையா என்பது இறுதிச் சொற்கள் வரும்வரை தெரியாது. இதனையே வானொலிக்கு எழுதினால், 'தேயிலை ஏற்றுமதி வரி குறைக்கப்படமாட்டாது. அரசு நேற்று இவ்வாறு அறிவித்தது. வரியைக் குறைக்குமாறு தோட்ட உரிமையாளர் சங்கம் மனு அளித்திருந்தது. அதனை ஆராய்ந்த குழு வரிக் குறைப்புக்குப் பரிந்துரை செய்தது. அப்பரிந்துரையை அரசு ஏற்கவில்லை' என்றாகும். சொற்கள் பெரிதும் அவையே. வரிசை மட்டும் மாறியது. செய்தி செவியில் தங்கியது.

இரண்டாவது, நம் எழுத்து எல்லா ஒலியையும் காட்டாது. 'பாலி' என்று எழுதினால் இந்தோனேசியத் தீவையும் குறிக்கலாம். பௌத்த நூல்களின் மொழியையும் குறிக்கலாம். முதலொலி இரண்டுக்கும் வேறு. தாளைப் பார்த்து வாசிப்பவர் பொருளறிந்தாலன்றிச் சரியாக ஒலிக்கவியலாது. எனவே நல்ல செய்தி வாசிப்பாளர் முதலில் நல்ல வாசகராக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒலி வேறுபாடு. அச்சில் 'அறம்', 'அரம்' என்பன கண்ணால் வேறாகும். வானொலியில் அவற்றை வேறுபடுத்துவது நாவொன்றே. லகர ளகர ழகரங்களும் அத்தகையனவே. ஒலிபரப்பாளர் ழகரத்தைப் பேணினால் ஆயிரம் இல்லங்களில் அது பேணப்படும். அவர் விட்டுவிட்டால் அதுவும் பரவும்.

நான்காவது, வானொலி பேசுவது கூட்டத்தோடன்று. இலட்சம் பேர் கேட்பினும் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ கடையிலோ சிலராகவே இருந்து கேட்கின்றனர். மேடைக்குரிய முழக்கம் அங்கே இரைச்சலாகிவிடும்.

ஒலிபரப்புக்குப் பின்

பின்னாளிற் சென்னையில் வாழ்ந்த சிவபாதசுந்தரம் எழுத்துப்பணியைத் தொடர்ந்தார். அவர் இயற்றிய பயண நூல்கள் மூன்று குறிப்பிடத்தக்கன: 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்', 'கௌதம புத்தர் அடிச்சுவட்டில்', 'சேக்கிழார் அடிச்சுவட்டில்'. பெயர்களே கூறுமாறு, நூலிற் படித்த பெரியோர் நடந்த நிலத்தை நேரிற் சென்று காணும் வேட்கை அவரிடம் இருந்தது.

மணிக்கொடி எழுத்தாளரும் அகில இந்திய வானொலியிற் பணிபுரிந்தவருமான 'சிட்டி' பெ. கோ. சுந்தரராஜனோடு இணைந்து அவர் எழுதிய இரு வரலாறுகள் தமிழ் மாணவர் அறிந்தனவே. 'தமிழ் நாவல்: நூறாண்டு வரலாறும் வளர்ச்சியும்' 1977ஆம் ஆண்டிலும், 'தமிழில் சிறுகதை: வரலாறும் வளர்ச்சியும்' 1989ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. நாவல், சிறுகதை ஆகிய இரு துறைகளுக்கும் விரிவான வரலாறு எழுதிய இருவரும் வானொலியிலிருந்து வந்தவர்கள் என்பது எண்ணத்தக்கது. காற்றோடு போகும் சொல்லோடு வாழ்ந்தவர்கள், நிற்கும் சொல்லின் அருமையை நன்கறிந்திருந்தனர் போலும். சிவபாதசுந்தரம் 2000ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்தார்.

நம் மண்ணில் இதற்கோர் இணையுண்டு. கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1940ஆம் ஆண்டு பிறந்த ரெ. கார்த்திகேசு, மலேசிய வானொலியின் தமிழ்ப் பகுதியில் ஒலிபரப்பாளராகப் பணியாற்றினார். பின்னர் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் தொடர்புத் துறைப் பேராசிரியரானார். ஒலிபரப்பு அரசின் கையிலிருந்து தனியார்வசம் செல்வதன் விளைவுகளை ஆசிய நாடுகள் அளவில் ஆராய்ந்து எழுதினார். 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' முதலிய நாவல்களையும் தந்து 2016ஆம் ஆண்டில் மறைந்தார். தாம் செய்த தொழிலைத் தள்ளி நின்று ஆராய்ந்து எழுதியதில் இருவரும் ஒருவழிப்பட்டவர்கள்.

நாம் செய்ய வேண்டுவது

ஒலிபரப்பாளர் வரலாற்றை எழுதுவோர் எதிர்கொள்ளும் இடையூறு ஒன்றுண்டு. அவர்தம் படைப்பு பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. நேரடி ஒலிபரப்பு பதிவாகவில்லை; பதிவான நாடாக்களும் விலையுயர்ந்தவையாதலின் அழித்து மீண்டும் பயன்படுத்தப்பட்டன. எழுத்தாளர் மறைந்தால் நூல் எஞ்சும். ஒலிபரப்பாளர் மறைந்தால், அவரைக் கேட்டவர்களின் நினைவே எஞ்சும், கேட்டவர்களும் மறைவர். சிவபாதசுந்தரத்தை நாம் இன்று அறிவது அவர் குரலால் அன்று. அவர் எழுதி வைத்தமையால். எழுதாது சென்றவர்கள் எத்தனை பேர்?

நம் வட்டாரத்தில் இவ்விழப்பு இன்னும் முழுமையடையவில்லை. அவசரகாலமான 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டவர்கள் சிலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். ரேடியோ மலாயாவின் வழிவந்த சிங்கப்பூர், மலேசிய நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற அறிவிப்பாளர்களும் படைப்பாளர்களும் உள்ளனர். சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுக்கென 1979ஆம் ஆண்டிலிருந்தே ஓர் அமைப்பு இயங்கிவருகிறது. அதன் தொகுப்பில் தமிழ் நேர்காணல்களும் உண்டு. அப்பணியில் பள்ளிகளும் பங்கேற்கலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கு இரண்டு பணிகளைப் பரிந்துரைக்க விழைகிறேன். ஒன்று, நாளிதழ்ச் செய்தியொன்றைக் கொடுத்து, அதைச் செவிக்கு ஏற்றவாறு மாற்றி எழுதச் செய்யுங்கள். பின்னர் ஒருவர் வாசிக்க, ஏனையோர் தாளைப் பாராது கேட்டுப் பொருள் கூறட்டும். கேட்போருக்கு விளங்காத இடம் எழுதியவர் திருத்த வேண்டிய இடம். வேறு மதிப்பீடு தேவைப்படாது. மற்றொன்று, ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்து மூத்தோர் ஒருவரிடம் அவர் இளமையிற் கேட்ட வானொலியைப் பற்றி வினவட்டும். எந்த நேரத்தில், எவர் வீட்டில், யார் குரலைக் கேட்டனர், எந்தச் சொல் நினைவில் நிற்கிறது என்பவற்றைக் கைப்பேசியிற் பதிவு செய்து, நாளும் இடமும் குறித்துப் பள்ளி நூலகத்திற் சேர்க்கட்டும்.

சிவபாதசுந்தரம் தமக்குப் பின் வருவோர் தொடக்கத்திலிருந்து தட்டுத் தடுமாற வேண்டாம் என்றெண்ணியே ஒரு நூல் எழுதினார். அது 1954ஆம் ஆண்டின் வானொலிக்கென எழுதப்பட்டது. இன்று வலையொலியில் பேசும் மாணவருக்கும், இணையவழிப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் ஒலிவாங்கி கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. கேட்பவருக்குப் பொருள் விளங்க வேண்டும் என்னும் கடமையும் அதனுடன் வந்துவிட்டது.